மூன்று மைக்ரான்

புந்தா அரேனாஸில் குளிர்காலச் சூரியன்
பத்து மணிக்கு வந்து ஐந்துக்குள் கிளம்பிவிடும்,
பகுதிநேர ஊழியன்போல.
நான் முழுநேரம்.
மருத்துவமனையின் அடித்தளம்,
கொதிகலன் அறைக்கு அடுத்த கதவு.
முப்பத்தொரு வருடம்.

பெண்கள் என்னிடம் வருவதில்லை.
அவர்களிலிருந்து ஒரு துணுக்கு வரும்,
ஃபார்மலினில் மிதந்து, மூடியில் எண் ஒட்டி.
தீவுகளிலிருந்து என்றால்
கப்பலில் ஒன்றரை நாள் ஆடிவிட்டு,
மீன் பெட்டிகளுக்குப் பக்கத்தில்.

ருபெர்த்தோ அதை மெழுகில் புதைப்பார்.
மூன்று மைக்ரான் கனத்தில் சீவி
வெந்நீரில் விட்டால் பாலாடைபோல் விரியும்.
பிறகு ஊதா, பிறகு இளஞ்சிவப்பு.
அதற்குப் பிறகு நான்.

கருப்பை வாய். கருக்குழாய். நஞ்சுக்கொடி.
மாதவிடாய் நின்று ஒன்பதாண்டு கழித்து
மறுபடி கசிந்த உட்சவ்வு.
மாதத்தின் முதல் பாதியில் சுரப்பிகள்
மழைக்குழாய்போல் நேராக நிற்கும்,
பாதி தாண்டினால் சுருளத் தொடங்கும்.
ஒரு பெண்ணின் தேதியைச் சொல்லிவிடுவேன்,
தெருவில் எதிரே வந்தால் தெரியாது.

"நாள் முழுக்க நோயையே பார்க்கிறாயே"
என்பாள் என் தங்கை வெஸ்னா.
இல்லை.
நாள் முழுக்க நான் பார்ப்பது ஒன்றுமில்லாததை.
"ஒன்றுமில்லை" என்று எழுதத்தான் எனக்குச் சம்பளம்.
புற்று என்று எழுதும்போது கை நடுங்குவதில்லை,
கண்ணெதிரே இருக்கிறது, எழுதுகிறேன்.
ஒன்றுமில்லை என்று எழுதும்போதுதான்.

தொண்ணூற்றெட்டு ஜூலை, ஒரு வெள்ளிக்கிழமை.
எண் 4417. கருப்பை வாய். வயது முப்பத்து நான்கு.
பெயரைச் சொல்ல மாட்டேன்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
பார்த்ததாகத்தான் நினைவு.
ஒன்றுமில்லை என்று எழுதினேன்.

நான்கு வருடம் கழித்து
அதே பெயர், வேறு எண், பெரிய புட்டி.
அலமாரியிலிருந்து பழைய கண்ணாடியை எடுத்தேன்.
இருந்தது.
இடது மேல் மூலையில் பதினோரு செல்கள்,
கருத்துப் பருத்த உட்கருக்களோடு,
கூட்ட நேரப் பேருந்தில் நிற்பவர்கள்போல்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.
காத்திருந்தன என்று எழுதக் கூசுகிறது.
அவை எதற்கும் காத்திருக்கவில்லை.

நானே போய்ச் சொன்னேன். குழு கூடியது.
"ஏற்கத்தக்க பிழை" என்றொரு சொற்றொடர் தந்தார்கள்.
ஏற்றுக்கொள்வது யார் என்று அதில் இல்லை.
அவளிடமும் சொன்னார்களாம்,
யார் கண் என்பதைத் தவிர.

அவள் பிழைத்தாள். கருப்பை போயிற்று.
துறைமுகச் சந்தையில் கம்பளிக் காலுறை விற்கிறாள்.
ஒவ்வொரு மே மாதமும் வாங்குவேன்,
இரண்டு ஜோடி, சில வருடம் ஆறு.
எங்கள் அடித்தளத்தில்
கொதிகலன்காரர் உட்பட
ஒருவர் காலும் குளிர்ந்ததில்லை.

போன வருடம் சில்லறை எண்ணிக்கொண்டே
"உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை கால், சென்யோரா?"
என்று சிரித்தாள்.
இரண்டு என்று சொல்ல வாய் வரவில்லை.
நீரிணையிலிருந்து வந்த காற்று
கூடாரத் துணியைப் பிடித்து உலுக்க,
"கணக்கில்லை" என்று கத்தினேன்.
அவளுக்குக் கேட்டதோ என்னவோ,
இன்னொரு ஜோடியைப் பையில் போட்டாள்.
காசு வாங்கவில்லை.

அடுத்த மாதம் ஓய்வு.
இருபது வருடத்துக்கு மேலாக
4417 என் மேசை இழுப்பறையில்;
விதிப்படி அலமாரிக்குத் திரும்ப வேண்டும்.
இன்று திருப்பி வைக்கும் முன்
இன்னொரு முறை விளக்கடியில் வைத்தேன்.
ஊதா வெளிறி, காலி தேநீர்க் கோப்பையின்
அடிக்கறை அளவுக்கு வந்துவிட்டது.
எண்ணினேன்.
பத்துதான் வந்தது.
மறுபடி முதலிலிருந்து.