முதல் ஓட்டம்

மெர்பேங்கிலிருந்து பூபாலன் மூட்லி
ஐஸ்கிரீம் டப்பாவில் கொண்டுவந்தார்,
தன் கராஜ் சுவரைச் சுரண்டிய தூளை.
மழை விட்டதும் செங்கல்லில் மஞ்சள் பூக்கிறதாம்.
தொழிற்சாலை மூடிப் பல வருஷமாகிறது.
மஞ்சளுக்கு அது தெரியாது.

கம்பெனிக் கடிதத்தில் ஒரே வார்த்தை: குரோமியம்.
அது போதாது, மூட்லி.
டர்பன் டெலிபோன் புத்தகத்தில்
பிள்ளை என்று மட்டும் தேடினால்
எந்த வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்?

மூன்று எலெக்ட்ரான் தொலைத்த குரோமியம் சாது,
இருந்த இடத்தில் இருந்துவிடும்.
ஆறு தொலைத்ததுதான்
மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை போடுவது.
தராசுக்கு இரண்டும் ஒன்று.

அதனால், காற்றே இல்லாத எஃகுக் கூண்டுக்குள்
தூளை இறக்கி
எக்ஸ் கதிரால் ஓர் அடி.
தெறித்து வரும் எலெக்ட்ரானிடம் ஒரே கேள்வி:
விட்டுப் புறப்பட எவ்வளவு பாடுபட்டாய்?

அதிகம் இழந்தது
மிச்சத்தை இறுக்கிப் பிடிக்கும்.
இந்த வித்தை முழுக்க அவ்வளவுதான்.
ஐநூற்று எழுபத்தேழில் மேடு எழுந்தால் மூன்று,
அங்கிருந்து இரண்டரை தள்ளி எழுந்தால் ஆறு.

எதை வைத்து அளப்பீர்கள் என்றார்.
காற்றுப் பட்ட எதன் மேலும் கரி அழுக்குப் படியும்,
அது நிற்கும் இடத்திலிருந்துதான்
மற்றதையெல்லாம் எண்ணுகிறோம் என்றேன்.
"எங்கள் தெருவில் அதற்குப் பஞ்சமில்லை"
என்று சிரித்தார்.

செவ்வாய் மாலை, நொம்வூலா வால்வைத் திருக,
எழுந்தது மேடு
ஐநூற்று எழுபத்தொன்பதரையில்.
கோடு மட்டும் ஒரே இரைச்சல்.
இன்னும் முப்பது முறை ஓட்டினால் வழவழப்பாகும் என்றேன்.
ஓட்டினோம்.
இரவு பத்துக்கு மேடு நகர்ந்திருந்தது.
ஆறு, கதிரின் கீழ் கிடந்து கிடந்து
மூன்றாகிக்கொண்டிருந்தது.

நாங்கள் வேறொன்றும் செய்யவில்லை.
வெகுநேரம் பார்த்தோம்.
பார்த்த பார்வையிலேயே சாதுவாகிவிட்டது.

கம்பெனி வக்கீல் கேட்டிருந்தார்:
எல்லா ஓட்டத்துக்கும் சராசரி அனுப்பவும்.
வழவழப்பான கோடு. பார்க்க லட்சணமான கோடு.
யாருக்கும் கெடுதல் செய்யாத கோடு.

நான் அனுப்பியது முதல் ஓட்டம்:
நான்கு நிமிஷம், ரம்பப் பல்லாய் நடுங்கும் வரி,
அடியில் நேரமும் என் கையெழுத்தும்.

மூட்லி டப்பாவைத் திருப்பிக் கேட்டார்,
நல்ல மூடி என்றார்.
தரவில்லை.
லிஃப்ட் வரும்வரை நின்றிருந்தார்,
மூக்கை லேசாகத் தேய்த்துக்கொண்டு.