வருகைப் பதிவு

ஸ்ரீராமபுரம், மூன்றாம் வகுப்பு அறை.
பெஞ்சின் உயரம் ஒன்றே கால் அடி.
முழங்காலை எங்கே வைப்பதென்று
பதினோரு பேரும் தேடிக்கொண்டிருந்தபோது
ஹேமாவதி மேடம் சொன்னார்:
'இப்போது இடிக்கிறதே, அதுதான் முதல் பாடம்.
வரப்போகிறவர்களும்
இதில்தான் உட்காரப்போகிறார்கள்.'
கன்னடம் பாதி, தமிழ் பாதி,
நடுவில் நிற்காத இருமல்.

இடது கையால் பெயரெழுதச் சொன்னார்.
கூரியர் ஆபீசில் நாளுக்கு நூறு கையெழுத்துப் போடும் நான்
'சு'வின் வாலில் வழுக்கி விழுந்தேன்.
பின்னாலிருந்து எட்டிப் பார்த்து
'அய்யோ, கோழி கிளறின மாதிரி' என்றார்,
எல்லோருக்கும் கேட்கும்படி, வேண்டுமென்றே.
காது சுட்டது.
'அந்தச் சூட்டை மறக்காதீர்கள்.
கையேட்டில் கிடையாது.'

இரண்டாம் ஞாயிறு நாடகம்.
நான் கற்பிக்கிறவள், ஐசக் கற்கிறவர்.
'படம்' என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால்
பெஞ்சில் தலை சாய்ந்திருக்கிறது.
என்ன நடிப்பு என்று கைதட்டினார்கள்.
ஐசக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் இரவுக் காவல்.
குறட்டை வந்த பிறகுதான் உறைத்தது.
எழுப்பப் போனேன், மேடம் கையைப் பிடித்தார்.
பன்னிரண்டு நிமிடம்
சாக்பீஸைக் கீழே வைக்கும் சத்தமும் வராமல்
பாடம் நடத்தாதிருக்கப் பழகினேன்.

குழந்தையிடம் பேசும் குரலைச்
செருப்போடு வெளியே விடவும்.
'வெரிகுட்' கூடாது.
நோட்டில் குறித்து, இரண்டு அடிக்கோடு.

அப்புறம் எனக்கென்று ஒருவர் வந்தார்.
நாகபூஷணம், ஐம்பத்து நான்கு,
மாநகராட்சியில் தெருக் கூட்டுகிறவர்.
படம், பட்டம் என்று நான் பிரித்த பக்கத்தைப் பார்க்கவில்லை.
கட்டைவிரலை நீட்டினார்.

'இதப் பாரும்மா, வழவழன்னு.
இருபத்தாறு வருசம் தொடப்பம் புடிச்சு
ரேகையே போயிடுச்சு.
காலைல மெஷின்ல வெச்சா செவப்பு லைட்டு.
எனக்குத்தான் படிக்கத் தெரியாது, சரி.
அதுக்கும் என்னைப் படிக்கத் தெரியலயே.'

சிரித்தார்.
நானும் சிரிக்கலாமா என்று
மூன்று ஞாயிறிலும் யாரும் சொல்லவில்லை.

ரேகை விழாதவர்களுக்கு ரிஜிஸ்டர் இருக்கிறதாம்.
கையெழுத்து வேண்டும்.
மேஸ்திரி கேட்பது கன்னடத்தில்.

நான் ஓசூரில் படித்தவள்.
பதினேழு வருடமாக இந்த ஊரில்
கொத்தமல்லி பேரமும் வாடகைச் சண்டையும்
சரளமாகக் கன்னடத்தில்தான்.
பஸ்ஸில் மட்டும் நம்பர் பார்த்து ஏறுவேன்.

'எனக்கும் எழுதத் தெரியாதுங்க.'

மேலும் கீழும் பார்த்தார்.
'அப்ப நீ எதுக்கு டீச்சரு?'

கையேட்டைப் புரட்டினேன்,
பதில் இருக்கும் என்பதுபோல.
அதற்குள் அவர் எழுந்து
சுவரில் கறையான் தின்ற எழுத்து அட்டைக்கு முன்னால்
இடுப்பில் கை வைத்து நின்றார்.
வரிசை வரிசையாக விரல் போனது, நின்றது.
'இது நாயி. நமக்கும் நாய்தான், அவுங்களுக்கும் நாய்தான்.
அப்ப இந்தச் சுழி "நா".'
திரும்பினார்.
'போயும் போயும் நாய் படத்துலயா எம்பேரு இருக்கணும்!'

வாய்வரை வந்த வெரிகுட்டை விழுங்கினேன்.
'எனக்கும் ஒரு தடவை காட்டுங்க' என்றேன்.
இருவரும் எழுதினோம்.
என்னுடையது கோழி கிளறின மாதிரியே இருந்தது.
அவருடையதில் சுழி பெரிது,
கோட்டைத் தாண்டி வெளியே.

அடுத்த ஞாயிறு வரவில்லை.

ஆயுத பூஜை முடிந்த வாரம்.
மாகடி ரோடு முழுக்க உடைத்த பூசணி,
குங்குமம் கரைந்த சதை,
லாரிச் சக்கரத்தில் அரைபட்ட வாழைக்கன்று.
பஸ் ஜன்னலிலிருந்து ஒரு பச்சைக் கோட்டைப் பார்த்தேன்,
குனிந்த முதுகு.
அவராகவும் இருக்கலாம்.

மேடத்துக்குக் கொடுக்கவேண்டிய படிவத்தில்
'வராத காரணம்' என்று நான்கு கட்டம்:
உடல்நலம். குடும்பம். இடமாற்றம். ஆர்வமின்மை.

பேனாவால் ஐந்தாவது கட்டம் போட்டு
உள்ளே
பூசணிக்காய் என்று எழுதினேன்.