அடுத்த பருவம், மூன்றாம் பிழைதிருத்தம்

'பருவம்' என்ற சொல்லை அச்சகத்து யோங்
தமிழ் தெரியாமலே பெரிதாக்கிவிட்டார்.
சிலிம் ரிவர் கடைவீதியில் தட்டி ஏறியதும்
மீன் வாங்க வந்த ஒருத்தி கேட்டாள்:
"யார் வீட்டுப் பிள்ளைக்கு?"

சடங்கு இல்லையக்கா, நாடகம்.
மார்ச்சிலிருந்து நவம்பர் வரை நான்கு.
எட்டுப் பேர், மாதச் சம்பளம்,
சேமநிதி, சொக்சோ, எல்லாம் கட்டுகிறோம்.
கடன் பாரத்தில் 'நடிகர்' என்று எழுதிய தவநேசனை
வங்கியில் இரண்டாம் முறை கேட்டார்கள்:
சரி, வேலை என்ன?

முதலாவது 'எடைப் பாலம்'.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி
ஆலை வாசலில் நிற்கிறது; முழுக்கதையும் அங்கேயே.
முள் நூறு கிலோ பொய் சொல்கிறது,
யாருக்காக என்பதுதான் கேள்வி.
லாரி செய்யக் காசில்லை.
கோமளேஸ்வரியின் மாமா பட்டறையிலிருந்து
ஒரு கதவை மட்டும் கழற்றி வந்தோம்.
அதை அறைந்து சாத்தினால் போதும்,
பின்னால் பன்னிரண்டு டன் நிற்கிறது.

ஜூனில் சிரிப்பு. ஒரே மண்டபம், இரண்டு கல்யாணம்,
ஒரே சமையல்காரர்.
இதன் வசூலில்தான் மற்ற மூன்றும் சாப்பிடும்.
எங்களில் யாரும் அதை
உரக்கச் சொல்வதில்லை.

ஆகஸ்ட்டைப் பற்றி இப்போது வேண்டாம்.
பிரதி காவல் நிலையத்தில் இருக்கிறது.
மலாயில் சுருக்கம் எழுதிக் கொடுத்தேன்.
முடிவு சோகமா என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.
இன்னும் எழுதவில்லை என்றேன்.
தப்பிக்கச் சொன்னதில்லை, நிஜமாகவே எழுதவில்லை.

சிக்கல் நவம்பர்தான்.
எங்கள் அரங்கம் முன்பு தளவாடக் கிடங்கு,
கூரை தகரம்.
நாலு மணிக்கு வரும் மழை
எட்டரைக் காட்சிக்கும் உட்கார்ந்திருக்கும், டிக்கெட் இல்லாமல்.
போன வருடம் கடைசி நாளில்
ஜெகதீசன் அண்ணன் சாகும்போது சொன்ன நாலு வரி
முன் வரிசைக்கே கேட்கவில்லை.
வாய் அசைந்தது. செத்தார்.
கைதட்டலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.
மூன்றாம் வரிசையில் ரஃபிகுல் மட்டும்
சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

எட்டாங்கட்டைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவன்.
அவனுக்குத் தெரிந்த தமிழ்
ஒன்றிலிருந்து நூறு வரை,
'இன்னும்', 'இது', பிறகு ஒரு கெட்ட வார்த்தை.
ஒரு நாடகம் விட்டதில்லை.
பத்து வெள்ளி நோட்டை நாலாய் மடித்துக் கொண்டு வருவான்.

அன்றிரவே தவநேசன் சொல்லிவிட்டார்:
"நவம்பருக்கு வசனம் எழுத வேண்டாம்."
"அப்போ சம்பளமும் பாதியா?" என்றார் ஜெகதீசன் அண்ணன்.
இறந்து அரைமணிகூட ஆகவில்லை, மூக்கில் பஞ்சு இருந்தது.

டிசம்பரிலிருந்து பேசாமல் ஒத்திகை.
ஒழுகும் வீடு. புருஷன், பெண்சாதி, ஒரு வாளி.
வாளியை எங்கே வைப்பது என்பதில் தொடங்கி
பதினாறு வருடக் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறார்கள்.
மேடையில் நிஜமாகவே ஒழுகும் இடம் ஒன்றுண்டு.
அடைக்க ஆள் கூப்பிட்டோம், எண்ணூறு கேட்டான்.
அதற்கும் ஒரு பாத்திரம் கொடுத்துவிட்டோம்.

பெயர்தான் அமையவில்லை.
ஆறு மணிக்குள் வேண்டும் என்கிறார் யோங்.
'ஈரம்' என்றாள் கோமளம்; சினிமாப் பெயர் மாதிரி இருந்தது.
'வாளி' என்று எழுதினேன், அடித்தேன்.
நாலாவது வரி வெள்ளையாகவே போய்
வெள்ளையாகவே திரும்பி வந்தது.

ஐந்தே முக்கால், பிப்ரவரி வெயில்.
ரஃபிகுல் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு
ஜன்னலுக்கு வந்தான்.
பிழைதிருத்தத் தாளை அவன் பக்கம் திருப்பினேன்.
மேலிருந்து கீழே விரலை இறக்கினான்.
அவனால் படிக்க முடியாத மூன்று பெயர்கள் தாண்டி
என்னால் எழுத முடியாத இடத்தில் நிறுத்தி
"இது" என்றான்.

மடித்த நோட்டை விரித்து மேசையில் தேய்த்தேன்.
டிக்கெட்டில் நாடகத்தின் பெயர்: கோடு.
நாள்: நவம்பர், இரண்டாம் சனி.
மூன்றாம் வரிசை, ஏழு.

"இன்னும்" என்று
இரண்டு விரலைக் காட்டினான்.