பாலத்தடியில் ஒரே குழாய்

"ஒரு மருத்துவமனைக்கு எதற்கு இரண்டு இணையம்?"
நிர்வாகி சாகின்பெக் கேட்டார்.
ஒன்று செத்தால் மற்றது பிழைக்கும் என்றேன்.
மருத்துவமனையில் சொல்லக் கூடாத உவமை.
கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மாதம் பிறந்தால் நீல எழுத்தில் ஒரு பில்,
பச்சை எழுத்தில் ஒரு பில்.
பில்கள் இரண்டு என்பதால்
பாதைகளும் இரண்டு என்றே இருந்தேன்.

நரின் ஆற்றில் பனிக்கட்டி உடையத் தொடங்கிய வாரம்,
பிற்பகல் மூன்று பத்து.
குதிரையிலிருந்து விழுந்த பையனின் தலை
ஸ்கேன் படமாகி பிஷ்கெக்குக்குப் போய்க்கொண்டிருந்தது.
எழுபத்தொரு சதவீதத்தில் நின்றது.
நீல விளக்கு அணைந்தது.
பச்சை இருக்கிறதே என்று நாற்காலியில் சாய்ந்தேன்.
சாய்ந்து முடிப்பதற்குள்
பச்சையும் அணைந்தது.

சேற்றில் ஓடினேன்.
பாலத்து முனையில் பொக்லைன், கையைத் தூக்கியபடி.
இரண்டு இரும்பு மூடிகள்,
மூடிக்கொரு கம்பெனிப் பெயர்.
அடியில் ஒரே ஆரஞ்சுக் குழாய்.
ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்,
ஒருவனிடம் வாடகைக்கு எடுத்த இழையைத்தான்
மற்றவன் எனக்கு விற்றிருக்கிறான்.

தொப்பியைக் கசக்கிக்கொண்டு டோக்டோசுன் சொன்னான்:
"ஆணையாக, ஒன்றைத்தான் வெட்டினேன்."
அவன் பொய் சொல்லவில்லை.
சொன்னது என் வரைபடம்.
அதில் நானே ஸ்கேல் வைத்துப் போட்ட இரண்டு கோடுகள்,
இடையில் ஒரு விரற்கடை.

திரும்பி வந்தபோது
செவிலி புருல்ச்சா தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் நின்றாள்,
வெள்ளை அங்கி படபடக்க.
கையில் மூன்றாவது கம்பெனியின் சிம், இரண்டு கோடு சிக்னல்.
கணினித் திரையைப் போனில் படம் பிடித்து
இருபத்தாறு படங்கள், ஒவ்வொன்றாய்.
இருபத்தாறாவது போன பிறகு பதில் வந்தது:
கசிவு சிறியது. அசைக்காதீர்கள்.
காலையில் மறுபடி எடுங்கள்.

இப்போதெல்லாம் கம்பெனிக்காரர்களிடம்
நான் வேகம் கேட்பதில்லை.
உங்கள் கம்பி எந்த வழியாக நடக்கிறது?
ஆற்றை எங்கே தாண்டுகிறது?
தாண்டும்போது யார் தோளில் ஏறிக்கொள்கிறது?
கழுகுப் படம் போட்ட கையேட்டை நீட்டிச்
சிரிக்கிறார்கள்.

மேட்டில், கெரிம்குலின் ஆட்டுப் பட்டிக் கூரைமேல்
ஒரு ரேடியோத் தட்டு வைத்திருக்கிறேன்.
பாலம் தொடாமல், மண் தொடாமல்
அடுத்த மலைக்குப் பேசும்.
வாடகை, குளிர்காலத்துக்கு இரண்டு டன் நிலக்கரி.
அதன் கம்பத்தில் கிடா முதுகு சொறிந்தால்
வேகம் பாதியாகும்.
பரவாயில்லை,
கிடா ஆற்றோரம் போவதில்லை.

மாதத்தின் முதல் செவ்வாய் இரவு
நீலத்தையும் பச்சையையும் என் கையாலேயே பிடுங்குவேன்.
ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன்.
பதினொன்றில் மேட்டு விளக்கு எரியும்.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்
ஒவ்வொரு முறையும் வயிறு கலங்கும்.

நேற்று டோக்டோசுன் போன் செய்தான்.
வீட்டுக்குப் பின்னால் உருளைக்கிழங்கு போடப்போகிறானாம்.
"இங்கே உங்கள் கம்பி ஏதும் ஓடுகிறதா?"
இல்லை என்றேன்.
அப்புறம்,
"இரு, வந்து பார்க்கிறேன்."