இருநூற்றுப் பதினேழு இடங்கள்

நிப்பிகனில் பள்ளிப் பேருந்து எண் பதினான்கு.
காலை ஆறேகாலுக்கு வெர்னா வபூஸ்
எஞ்சினுக்கு முதலில் ஒரு வசவு,
பிறகு சாவி.
மைனஸ் முப்பத்தொன்று. பேனாவில் மை உறைந்துவிடும்.
அதனால் பென்சில்.

பிள்ளைகளை இறக்கிவிட்டபின் மூன்றரை மணிவரை
மளிகைக்கடையின் பின்புறம் வண்டியை நிறுத்தி
நான்காவது இருக்கையில் உட்கார்ந்து எழுதுகிறாள்.
முதல் இருக்கையில் எப்போதோ எடுத்த வாந்தி
எத்தனை கழுவியும் போகவில்லை.

துப்பறியும் நாவல். இப்படித் தொடங்குகிறது:
"சாட்சி யாரும் இல்லை என்று போலீஸ் எழுதியது.
கரையில் இருந்த கல்
அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்."

ஆம், கேட்டுக்கொண்டிருந்தார்.
எழுதுவது ஆங்கிலத்தில்தான். ஆனால்
அவள் பிறந்த அனிஷினாபே மொழியில்
கல், நம் இலக்கணப்படி சொன்னால், உயர்திணை.
பனி உயர்திணை. கெட்டில் உயர்திணை.
ராஸ்பெரி உயர்திணை, ஸ்ட்ராபெரி அஃறிணை.
ஏன் என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள்:
"அவர்களுக்குள் என்ன தகராறோ."

ஆண்பால் பெண்பால் அங்கே கிடையாது.
ஆங்கிலமோ கல்லிடமும் கேட்கிறது: நீ அவனா, அவளா?
வெர்னா ஓர் அத்தியாயத்தில் அவன் என்றாள்,
அடுத்ததில் அவள்.
தமிழாக இருந்திருந்தால் ஓர் 'அவர்' போட்டுவிட்டு
காப்பி குடிக்கப் போயிருப்பாள்.

டொரோன்டோவில் பிரதியைத் திருத்தியவர்
ப்ரூடன்ஸ் ஹால்வொர்த். நல்ல மனுஷி.
மின்னஞ்சலின் அடியில் பூனைப் படம் வைப்பார்.
இருநூற்றுப் பதினேழு இடங்களில் சிவப்புக் கோடு:
கல் என்றால் அது. அது. அது.
ஓரத்தில் ஒரு குறிப்பு:
"எங்காவது ஒரு கழுகு பறக்கலாமே?"

வெர்னா ஒவ்வொன்றாக அழித்தாள்.
நூற்று நாற்பதாவது இடத்தில் ரப்பர் தீர்ந்தது.
மீதிக்கு எச்சில் தொட்ட விரல்.

"வாசகர் குழம்புவாரே" என்று தொலைபேசியில் ப்ரூடன்ஸ்.
"குழம்பட்டும்" என்றாள் வெர்னா.

சொல்லாமல் விட்டது:
பதினோரு நாளில் மூடிய கோப்பு ஒன்று இருக்கிறது.
அதன் முதல் பத்தியில் தம்பி எல்ராய் 'அவன்'.
பாலத்தை நோக்கி நடக்கிறான், போதையில் இருந்திருக்கலாம்.
இரண்டாம் பத்தியில் தண்ணீரிலிருந்து எடுக்கிறார்கள்.
அங்கிருந்து 'அது'.
அதன் காலில் பூட்ஸ் இல்லை.
சிவப்புத் தையல் போட்ட பூட்ஸ்.
தண்டர் பேயில் அவள் வாங்கிக் கொடுத்தது,
பாதி விலைக்கு.
எங்கே போயிற்று என்று
அந்தக் காகிதத்தில் யாருமே கேட்கவில்லை.

பேருந்தில் ஆறாம் வகுப்பு டெவ்லின் மிச்சானோ
பின் இருக்கையிலிருந்து கத்துகிறான்:
"என்னையும் புக்ல போடு வெர்னா!
ரெண்டாவது சாப்டர்லயே கொன்னுடு!"
கண்ணாடியில் அவனைப் பார்க்கிறாள்.
"உட்கார். என் கதையில் சாகிறவர் ஒருவர்தான்.
இடம் நிரம்பிவிட்டது."

மார்ச்சில் பெட்டி வந்தது. இருபது பிரதிகள்.
ஒன்றைப் பிரித்து முகர்ந்தாள், பசை வாசம்.
டாஷ்போர்டில் போட்டாள்,
டோனட் பெட்டிக்குப் பக்கத்தில்.
அவள் மொழியில் புத்தகம் அஃறிணை.
பென்சில் உயர்திணை.
இப்போது கட்டைவிரல் நீளம்தான் மிச்சம்,
பின்முனை முழுக்கப் பல்தடம்.
அதை, இல்லை, அவரைக் கையுறைக்குள் செருகினாள்.
கையுறையும் உயர்திணைதான்.

மூன்றரை. பிள்ளைகள் ஏறுகிறார்கள்,
ஈரக் கம்பளி வாடையோடு, சண்டையோடு.
பாலம் வருமுன் வேகத்தைக் குறைக்கிறாள்.
அங்கே வேகப் பலகை எதுவும் இல்லை.
கரை முழுக்க வெள்ளை.
பனிக்கடியில் அவர் இருப்பார்.