இடது கையைத் தூக்குங்கள்

பத்தொன்பது ஆண்டுகளாக
வலப்பக்கம் சாய்ந்தே பிழைக்கிறேன்.
ஊரார் கடைவாயில் விளக்கடித்துப் பார்க்க
என் இடுப்பு கொடுக்கும் வாடகை அது.
"வலிக்காது" என்று நாளுக்குப் பதினான்கு முறை சொல்கிறேன்.
பாதி பொய்.
மீதி மரப்பூசி.

காயானியில் டிசம்பர் மாதம்
மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
கடைசி ஆள் போனதும்
கருவிகள் நீராவியில் வேக,
தரையில் மல்லாந்து
கால்களை நோயாளி நாற்காலிமேல் போட்டுக்கொள்வேன்.
பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டக்
கூரையில் ஒட்டிய பனிமான் படம்.
அதன் கொம்பில் பதினொரு கிளை.
எண்ணியவள் நான் ஒருத்திதான்.

மாத்திரை வயிற்றைக் கெடுத்தது.
பிசியோதெரபி நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன்.
மூன்று வாரம் செய்தேன்.
பிறகு,
தினமும் பல்லிடுக்கில் நூல் விடுவதாக
எல்லோரும் என்னிடம் சொல்வதுபோல்,
செய்வதாகச் சொன்னேன்.

சவுனாவில் கொம்பு வைத்து இரத்தம் உறிஞ்சும்
கரேலியாக்காரி ஒருத்தியிடம் போனேன்.
"கொம்பைக் கொதிக்கவைத்தீர்களா?" என்று கேட்டேன்.
முறைத்தாள்.
எட்டு வட்டம் முதுகில் பதிந்தது,
ஈரக் குவளைகளை
மேசையில் வைத்து எடுத்ததுபோல்.
வலி அந்த எட்டுக்கும் நடுவே
சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது.

எலும்பு தட்டி உட்காரவைக்கும் வில்ஹோவைப் பார்க்க
மேற்கே நான்கு மணி நேரம் கார் ஓட்டினேன்.
முதுகுவலிக்காரிக்கு இது தேவைதானா?
பலகைத் துளையில் முகம் புதைத்துப் படுத்தேன்.
ரொட்டி மாவு பிசையும் கட்டைவிரல்கள்.
"இங்கேயா வலிக்கிறது?"
"ம்ம்."
"இங்கே?"
"ம்ம்."
அந்த ம்ம்முக்கு என்ன பொருள் என்று
அவருக்குப் புரியவில்லை.
பஞ்சும் குழாயும் வாயில் திணித்துவிட்டு
நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் வந்த ம்ம்
எனக்கு மட்டும் புரிந்ததா என்ன.

ஜனவரியில்தான் ஏரிக்குப் போனேன்.
தச்சர் மேசை அளவுக்குப்
பனியில் ஒரு சதுரம் அறுத்து வைத்திருந்தார்கள்.
மூடிக்கொள்ளாமல் இருக்க
அடியில் ஒரு மோட்டார் முனகிக்கொண்டிருந்தது.
கம்பளித் தொப்பி, ரப்பர் செருப்பு, நீச்சலுடை.
இந்தக் கோலத்தில்
என் நோயாளிகள் யாரும் பார்க்கக் கூடாது
என்று நினைத்தபடி ஏணியைப் பிடித்தால்,
கழுத்தளவு கருந்தண்ணீரில் நிற்கிறாள்
ஹில்க்கா.
மரக்கிடங்கில் கிரேன் ஓட்டுபவள்.
போன வருடம் என் நாற்காலியின் கைப்பிடியைப்
பிய்த்து எடுத்தவள்.

முழங்காலுக்குத் தண்ணீர் ஏறியதும்
என் மூச்சு எங்கோ ஓடிவிட்டது.

"மூக்கால் மூச்சு விடுங்கள், டாக்டர்.
தோளைத் தளர்த்துங்கள்.
தாங்க முடியவில்லை என்றால்
இடது கையைத் தூக்குங்கள்."

என் வாக்கியங்கள்.
என் குரலின் இழுவைகூட மாறாமல்.
நக்கலா என்று முகத்தைப் பார்த்தேன்.
இல்லை.
அவளுக்குத் தெரிந்த ஆறுதல்
அது ஒன்றுதான்.

இடுப்பு முங்கியது.
குளிரா அது,
ஊரே சேர்ந்து ஒருத்தியை அறைந்த மாதிரி.
அந்தக் கூச்சலில்
முதுகின் முணுமுணுப்பு காதில் விழவில்லை.
இடது கை ஏணியிலேயே இருந்தது.

உடை மாற்றும் அறையில்
ஹில்க்கா ஃப்ளாஸ்க்கைத் திறந்து
கறுப்புத் திராட்சைச் சாறு ஊற்றினாள்.
வாங்கப் போனபோதுதான் கவனித்தேன்:
குனிந்து,
சுவரைப் பிடிக்காமல்,
யாரையும் கூப்பிடாமல்,
இரண்டு காலுறையையும் போட்டுவிட்டிருந்தேன்.

குணமாகவில்லை.
வியாழன்வரை தாங்கியது.
வெள்ளிக்கிழமை காலை
கார்க் கண்ணாடியில் உறைபனி சுரண்டும்போது
பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது.
சனிக்கிழமை மறுபடி ஏரிக்குப் போனேன்.

மார்ச்சில் ஹில்க்கா வந்தாள்,
மேல்வரிசையில் உடைந்த கடைவாய்ப்பல்லோடு.
ஊசியை எடுத்தேன்.
"கொஞ்சம் வலிக்கும்" என்றேன்.
பத்தொன்பது ஆண்டில் முதல் தடவை.

அவள் புதுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.
வாயைத் திறக்குமுன்,
"நாற்காலியை இரண்டு அங்குலம் உயர்த்துங்கள்,
ரொம்பக் குனிகிறீர்கள்" என்றாள்.