புதுப்பித்தல் படிவம்

சோஹாரில் நள்ளிரவு என்பது மணியல்ல,
ஓர் இரைச்சல்.
பம்புகள் எல்லாம் ஒரே சுருதியில் முனக
கடல் குழாய்க்குள் நுழைந்து இரண்டாகிறது:
குடிக்க ஒரு பங்கு,
கடலுக்கே திரும்ப ஒரு பங்கு, முன்னைவிடக் கரிப்பாக.

பம்புகள் ஜெர்மனியில் செய்தவை.
அவற்றோடு வந்தவள் உல்ரிக்கே.
மூன்று மாதம் என்று வந்தவளுக்கு இது மூன்றாம் வருஷம்.
இரவுப் பணியில் என் ஆய்வகத்துக்கு வருவாள்.
உன் காப்பி மட்டம், அதனால் தூக்கம் வராது என்பாள்.

ஒருநாள் அழுத்தமானியின் முள்ளைக் காட்டினாள்.
எங்கள் ஊரில் ஒருவன் இருந்தான்,
மனுஷ வாழ்க்கை இந்த முள்தான் என்றான்.
இந்தக் கோடியில் வலி, அந்தக் கோடியில் சலிப்பு.
நடுவில் நிற்பதுபோலத் தெரிவது
கடந்து போகும்போது.

பதினோரு வருஷம் இரவுப்பணி பார்த்தவனுக்கு
பிடிக்காமல் என்ன.

இன்னொருவன் இருந்தான், என்றாள்.
அவன் கேட்டது இவ்வளவுதான்:
இதே வாழ்க்கை, ஒரு கொசுக்கடிகூடக் குறையாமல்
திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்குமென்றால்
சரி என்பாயா?

சிரித்துவிட்டேன்.
உங்களுக்கு அது கேள்வி. எங்களுக்கு அது படிவம்.
ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும், நீல நிறத்தில்.
அதே சம்பளம், அதே அடுக்குக் கட்டில்,
கீழ்த்தட்டில் அதே தவசிமுத்துவின் குறட்டை.
கையெழுத்துக்கு மட்டும் புதுக் கட்டம்.
போடாதவனை நான் பார்த்ததில்லை.

கடனுக்காகப் போட்டது கணக்கில் வராது, என்றாள்.
ஆசைப்பட்டுப் போட வேண்டும்.

மார்ச்சில் எனக்குக் கல் வந்தது.
சிறுநீரகத்தில், ஆறு மில்லிமீட்டர்.
தண்ணீரே குடிப்பதில்லையா என்றார் மலையாளி டாக்டர்.
எங்கே வேலை என்றார். சொன்னேன்.
மாத்திரைச் சீட்டின்மேல் குனிந்துகொண்டார்,
தோள் மட்டும் குலுங்கியது.

நாலு இரவு.
வலிக்கு மொழி கிடையாது என்பது பொய்.
தெரிந்த கெட்டவார்த்தை எல்லாம் வந்தது,
கொஞ்சம் பலூச்சியிலும்.
கக்கூஸ் தரையில் முழங்காலிட்டுச் சொன்னேன்:
இது ஒருமுறையே போதும்,
எத்தனை ஜெர்மன்காரன் வந்து கேட்டாலும்.

நாலு பத்துக்கு
டொக்.
பீங்கானில் ஒரு மணல் விழுந்த சத்தம்.

அப்புறம் வந்ததை எப்படி எழுத?
குளிர்ந்த சுவரில் முதுகைச் சாய்த்தேன்.
குழாய் சொட்டியது.
உலகத்தில் எதுவும் கூடவில்லை, குறையவுமில்லை,
ஒரு கல் தவிர.
தவசிமுத்து கதவைத் தட்டி, செத்துட்டியாலே என்றான்.
இல்லை என்றேன்.
அந்த இல்லையை இன்னொருதரம் சொல்லவேண்டும்போல் இருந்தது.
இந்தச் சுவர், இந்தச் சொட்டு, இந்த நாலு பத்து
போகக் கூடாது, போனாலும் வரவேண்டும்,
எத்தனை தரமானாலும் வரவேண்டும் என்று
நினைத்தேன் பார்,
அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

இது வரவேண்டுமென்றால் கல்லும் வரவேண்டும்.
கல் வர, அந்த நாலு இரவும்.
அதற்குப் பின்னாலேயே வரிசையில் நிற்கும்
தண்ணீர் மறந்த கோடை,
கோடையில் என்னைத் தண்ணீர் மறக்கவைத்த
ஜெபசீலி பேசாமலிருந்த ஒன்பது மாதம்,
போனை எடுத்து, மூச்சு மட்டும் விட்டு, வைத்துவிடுவாளே,
அதுவும்.

உப்பு நீங்கி வரும் தண்ணீர் சுத்தம்.
அத்தனை சுத்தம் நாக்குக்கு ஆகாது, குழாயையே அரிக்கும்.
ஊருக்கு அனுப்புமுன்
சுண்ணாம்புக்கல் படுகை வழியே விடுகிறோம்.
கல் எவ்வளவு கரைந்தது என்று
பதினோரு வருஷமாக நான்தான் எழுதுகிறேன்.
எழுதத்தான் செய்தேன்.

உல்ரிக்கே போனவாரம் கிளம்பிவிட்டாள்,
கேள்வியையும் காப்பிக் கோப்பையையும் விட்டுவிட்டு.
நீலப் படிவம் மேசையில் கிடக்கிறது.
கால அளவு: இரண்டு ஆண்டுகள்.
நாலு பத்துக்குச் சரி சொல்லிவிட்டேன்.
ஒன்பது மாதத்துக்கு இன்னும் வாய் வரவில்லை.
படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது.

மாதிரிக் குப்பியை நிரப்பி
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்கிறேன்.
ஒன்றும் தெரியவில்லை.
குடிக்கிறேன்.